இரண்டாவது பெட்டி

அடுக்ககம் முழுக்க அவருக்கு வைத்திருந்த பெயர் கண்டெய்னர். செல்போன் கடையில் மேனேஜராக நிம்மதியாக இருந்த மனுஷன், சொந்தத் தொழில் செய்கிறேன் பேர்வழி என்று வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து வைஃபை ரூட்டர்களை வரவழைத்தார். அன்றிலிருந்து லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் "கண்டெய்னர் வருது" என்பார். வந்தும் விட்டது. துறைமுகத்தோடு நின்றும் விட்டது.

அரசாங்கச் சான்றிதழ் இல்லாத தொலைத்தொடர்புச் சாமான் ஒன்றுகூட நாட்டுக்குள் நுழையக்கூடாது என்று சட்டம். அதைச் சரக்கு கப்பல் ஏறிய பிறகுதான் நம்மவர் நிதானமாகப் படித்தார். இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் சரக்கு வந்த வழியே திரும்பிவிடும். பழைய கடையிலோ அவர் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

சான்றிதழுக்கு முதல் படி, பரிசோதனைக் கூடத்தில் ஒரு ரூட்டரைக் கொடுத்துப் பாஸ் வாங்குவது. அங்கே நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அன்றும் போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்திருந்தார். இன்ஜினியரம்மா வெளியே வந்தார். அவர் முகத்திலும் தூங்கி எழுந்த களை இல்லை.

"சார், நீங்க குடுத்திருக்கிறது கடையில விக்கிற பெட்டி. யாராவது பேசினாத்தான் அது பதில் பேசும். எங்களுக்கு வாயே மூடாம கத்துற பெட்டி வேணும். அப்பத்தான் எவ்வளவு சத்தம்னு அளக்க முடியும். கம்பெனிக்காரங்க அதுக்குன்னே தனியா ஒண்ணு அனுப்பியிருப்பாங்களே?"

"பார்க்க எப்படிம்மா இருக்கும்?"

"அச்சு அசல் இதே மாதிரி."

கம்பெனி அனுப்பியது இரண்டு பெட்டி. இரண்டையும் கொடுத்தால் கூடத்துக்காரர்கள் ஒன்றை அமுக்கிவிடுவார்கள் என்று மூளையைக் கசக்கி, ஒன்றை வீட்டு அலமாரியில் பதுக்கிய புத்திசாலி அவர்.

"வீட்ல இருக்கும்மா. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"சாயந்திரம் பூட்டறதுக்குள்ள வாங்க. நாளையிலேர்ந்து மிஷின் வேற கம்பெனிக்கு. அப்புறம் இந்த மாசம் இடமே கிடையாது. இன்னொண்ணு சார், தப்பித்தவறி அதை வீட்ல ஆன் பண்ணிடாதீங்க. அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் நெட் வராது."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரமாக அவர்கள் கட்டடத்தில் யார் வீட்டிலும் நெட் இல்லை. குடியிருப்போர் கூட்டத்தில், "கேபிளை எலி கடிச்சிருக்கும்" என்று நிபுணர் தோரணையில் தீர்ப்புச் சொன்னதே அவர்தான்.

வீட்டில், அலைச்சலில் அவர் ஒரு வாரமாக நிமிர்ந்தே பார்க்காத ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்து பெட்டி ஜம்மென்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"இதை யாரு மாட்டினது?"

"நான்தான். ஊருக்கெல்லாம் நெட் விக்கப் போறவரு வீட்ல படம் பாதியில சுத்திக்கிட்டு நிக்குது. அலமாரியில சும்மாத்தானே கிடக்குன்னு மாட்டினேன்" என்றாள் மனைவி. "மாட்டினதும் இருந்ததும் போச்சு. உங்க சரக்கு லட்சணம் அப்படி."

"அப்ப ஆஃப் பண்றதுதானே?"

"லைட்டு எரியுதே. எரியறதை எதுக்கு அணைக்கணும்?"

சண்டை போடத் தெம்பில்லை. பெட்டியைப் பிடுங்கித் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் மேல் வீட்டில் கார்ட்டூன் அலற ஆரம்பித்துவிட்டது.

கீழே லிஃப்ட் திறந்தால், எதிரே சங்கச் செயலாளர். பக்கத்தில் ஏரியல் வைத்த கருவியோடு, வியர்த்து விறுவிறுத்த ஓர் ஆள்.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் செயலாளர். "சார் தொலைத்தொடர்பு அலுவலகத்து இன்ஸ்பெக்டர். நான்தான் புகார் குடுத்தேன். நீங்க சொன்ன எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சான்றிதழ் இல்லாத கருவி எதையோ யாரோ ஓட்டுறாங்களாம்!"

சான்றிதழ் தரவேண்டியதும் அதே அலுவலகம்தான். இவர்தான் ஆள் என்று தெரிந்தால் விண்ணப்பம் அன்றைக்கே குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

"வாசல்ல நுழையறப்பக்கூடக் கத்திக்கிட்டு இருந்துச்சு" என்று கருவியைத் தட்டினார் இன்ஸ்பெக்டர். "லிஃப்டுக்கு நிக்கிறதுக்குள்ள கப்சிப்."

மேலேயிருந்து யாரோ, "நெட் வந்துடுச்சு!" என்று கூவினார்கள். பாராட்டை வாங்கிக்கொள்ளச் செயலாளர் படியேறி ஓடினார். இன்ஸ்பெக்டரின் பார்வை துணிப்பையில் வந்து நின்றது. அதிலிருந்து அடாப்டர் வயர் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பொய்யைச் சோடித்து, அதை நினைவு வைத்துக் காப்பாற்றுவதற்குக் கண்டெய்னரிடம் ஜீவன் இல்லை.

"சார், இந்தப் பையில..."

"பையில என்னன்னு நான் கேட்டேனா?" இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டா பறிமுதல் பண்ணணும். பண்ணினா ரிப்போர்ட் எழுதணும். எழுதினா எங்க மேலதிகாரி என்னைத்தான் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாரு. காலையிலேர்ந்து வேற வேற கட்டடத்துல மாடி மாடியா ஏறி முழங்கால் கழண்டு போச்சு சார். எங்க கொண்டு போகணுமோ அங்க கொண்டு போங்க."

கண்டெய்னர் தலையாட்டினார்.

"முதல்ல அந்த வயரை உள்ள தள்ளுங்க."

பரிசோதனைக் கூடத்தில் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இன்ஜினியரம்மா பெட்டியை வாங்கி இரும்புக் கதவு போட்ட அறைக்குள் வைத்துவிட்டு வந்து, திரையையே வெறித்தார். பச்சைக் கோடு ஒன்று மேலே போவதும் வருவதுமாக இருந்தது. கண்டெய்னர் அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"பாஸ் சார். அளவுக்குள்ளதான் கத்துது. நாளைக்கு ரிப்போர்ட் போயிடும். மாசக் கடைசிக்கு முன்னாடி உங்க சான்றிதழ் வந்துடும்."

துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். கால் ஒத்துழைக்கவில்லை. அப்போது மனைவியிடமிருந்து போன்.

"ஏங்க, நெட்டு பிச்சுக்கிட்டு வருது! எல்லாம் தன்னாலதான்னு செயலாளர் வீடு வீடாப் போய்ச் சொல்லிக்கிட்டிருக்காரு. உங்களை எலி டாக்டர்னு கிண்டல் வேற."

"சொல்லிட்டுப் போகட்டும் விடு" என்று போனை வைத்தார். "ஏம்மா, நீங்க பூட்டற வரைக்கும் இங்கயே கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?"

இன்ஜினியரம்மா இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.