ஓரம் விடாத கணக்கு

இருபது கேள்விக்கு ஒன்பது சரி. தேற வேண்டுமானால் பதினாலு வேண்டும். விடைத்தாளை மேனேஜர் என் தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனார், அதுவும் சிவப்பு மை மேலே தெரியும்படி. மடித்துக் கொடுத்திருந்தால் அவர் கை தேய்ந்தா போயிருக்கும்? எங்கள் வரிசையில் பதினாலு மெஷின். பதினாலும் ஒரே நேரத்தில் நின்றன.

பதினோரு வருஷமாகச் சீருடைச் சட்டைக்குக் காலர் தைக்கிறேன். காலர், காலர், காலர். ஒரு முழுச் சட்டையை என் கையால் தைத்தது எப்போது என்பதே மறந்துவிட்டது. குனிந்து குனிந்து கழுத்து வேறு ஒரு பக்கமாக இழுக்கிறது. கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த இடம் கிடைத்தால் துணி வெட்டும் மேஜையில் நிமிர்ந்து நின்று வேலை பார்க்கலாம். சட்டை முழுவதும் கையில் இருக்கும். ஆனால் அங்கே அறுபது துணியை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவார்கள். ஒரு அளவு தப்பினால் அறுபதும் குப்பைக்கு. அதனால்தான் இந்தக் கணக்குப் பரீட்சை. வரும் திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு தருவதாக மேனேஜர் சொன்னார். அதிலும் கோட்டை விட்டால் மேஜை வேறு ஆளுக்குப் போய்விடும், எனக்குக் கடைசிவரை காலர்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் என் கணவர் சொல்லித்தர உட்கார்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைச் சொன்னாலும் லிஃப்ட்டில்தான் ஏற்றி இறக்குவார்.

"எட்டு பேர் ஏறுறாங்க. நாலாவது மாடியில கால்வாசிப் பேர் இறங்கிட்டாங்க. மிச்சம் எத்தனை பேர்?"

"அஞ்சு."

"அஞ்சா? எப்படி?"

"எல்லாரும் இறங்குறப்ப நடுவுல ஒருத்தர் மாடி தெரியாம சேர்ந்து இறங்கிடுவார்ல?"

அவர் பேனாவைத் தூக்கி மேஜையில் போட்டார். நான் நோட்டைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். பாடம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

மறுநாள் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், கூடத்தில் என் ஓரகத்தி உட்கார்ந்திருக்கிறாள். மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் மனைவி. அவளும் நானும் பேசி நாலு மாசம் ஆகிறது. ஒரே வீடு, ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்க் குழாய். இருந்தாலும், "மேல மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க" என்று என் கணவரிடம் நான் சொல்வேன், அது அவள் காதில் விழும், மோட்டார் நிற்கும்.

சண்டைக்குக் காரணம் அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போடும் ஒரு வெள்ளைக் கோட்டு. ஆசை ஆசையாய் அவளுக்குத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, கூடாரம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். கூடாரமாம்! கண் விழித்துத் தைத்தவளைப் பார்த்து! எங்கள் வரிசைப் பெண்களிடம் சொன்னேன். பதினாலு மெஷினும் என் பக்கம்தான்.

இப்போது அவள் மடியில் என் விடைத்தாள் விரித்தபடி இருந்தது. இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார் என்று தெரியும். தாளையே தூக்கிக் கொடுப்பார் என்று நினைக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. சமையலறைக்குள் போய்விட நினைத்தேன். கழுத்து சுளீரென்றது. போகாமல் எதிரே உட்கார்ந்தேன்.

அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து நிறுக்கிறவள். தும்மினால்கூடத் தராசை விட்டுத் தள்ளிப்போய்த் தும்முவாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"பன்னிரண்டு மீட்டர் துணியை எட்டு சமமான துண்டா வெட்டினா ஒரு துண்டு எவ்வளவு? நீங்க ஒரு மீட்டர் அம்பத்திரண்டு சென்டிமீட்டர்னு எழுதியிருக்கீங்க."

"ஒன்றரை மீட்டர்தான். ரெண்டு சென்டிமீட்டர் தையலுக்கு."

"எட்டு துண்டுக்கும் ரெண்டு ரெண்டா, மொத்தம் பதினாறு சென்டிமீட்டர் துணி எங்கேருந்து வந்துச்சு அக்கா?"

திருதிருவென்று முழித்தேன். இதை நான் யோசிக்கவே இல்லை.

"சரி, இது. இருநூத்தி நாற்பது பட்டன். நூத்துக்குப் பதினஞ்சு உடைஞ்சது. நல்லது எத்தனை? இருநூத்தி நாலு வரணும். இருநூறுன்னு இருக்கு."

"நாலு எப்படியும் மேஜைக்கடியில உருண்டு போயிடும்."

"தொட்டியில முந்நூறு லிட்டர் தண்ணின்னு வர வேண்டிய இடத்துல இருநூத்தி தொண்ணூத்தெட்டு?"

"மொண்டு எடுக்கும்போது சிந்தாதா? நீயே சொல்லு!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். தப்பான பதினொன்றில் ஏழுக்கு வட்டம் போட்டிருந்தாள்.

"இந்த ஏழும் உங்களுக்குத் தெரியும் அக்கா. சரியாப் போட்டுட்டு, கடைசியில கொஞ்சம் விட்டிருக்கீங்க. இதுல கை வைக்காம இருந்திருந்தா பதினாறு. போன தடவையே தேறியிருப்பீங்க."

"விடாம எப்படி? துணி குறைஞ்சா ஒட்ட முடியுமா? கூட இருந்தா பிடிச்சுக்கலாம். பதினோரு வருஷமா இதைத்தானே செய்யறேன்?"

"பேப்பர்ல இருக்கற துணியை யாரும் போட்டுக்கப் போறதில்ல அக்கா. கேட்டதை மட்டும் கொடுங்க. நான் மருந்துல இப்படிக் கொஞ்சம் கூட விட்டா என்ன ஆகும்?"

நான் டீ போட எழுந்தேன்.

அன்றிலிருந்து நாலு சாயங்காலம் பாடம். அவள் சட்டம் ஒன்றே ஒன்றுதான். விடை எழுதிய மறுநொடி பேனாவுக்கு மூடி போட வேண்டும். என் கை விடைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றாலே, "மூடி!" என்பாள். இரண்டாம் நாள் என் கணவர் சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் கூடுதலாகக் குழம்பு ஊற்றப் போனேன், அவரும் "மூடி!" என்றார். அவருக்கு அன்றைக்குக் குழம்பே கிடைக்கவில்லை.

வட்டம் போடாத நாலு கணக்கு நிஜமாகவே எனக்குத் தெரியாதவை. முக்காலில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் எவ்வளவு? மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு. பார்த்தாலே நோட்டை மூடிவிடுவேன். அவள் பேப்பரை ஒதுக்கிவிட்டு என் கைக்குட்டையை நீட்டினாள். நாலாக மடித்தேன், ஒன்றை உள்ளே தள்ளினேன், மிச்சம் மூன்று மடிப்பு. அதில் இரண்டை எடுத்தேன். விரித்தால் சரியாகப் பாதிக் கைக்குட்டை.

"பாதியா? அவ்வளவுதானா? இதுக்கா பள்ளிக்கூடத்துல அத்தனை குட்டு வாங்கினேன்?"

"அவ்வளவுதான். மூடி!"

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். நாலு மாசம் அலமாரியில் கிடந்த வாடை அடித்தது.

"இப்ப கேக்கலாமான்னு தெரியல அக்கா. இடுப்புல ரெண்டு விரல் பிடிச்சுத் தர முடியுமா?"

"கூடாரத்தையா?" என்றேன். நாலு நாளாக நாக்கு நுனியில் நின்ற வார்த்தை.

அவள் விழித்தாள். "கூடாரமா? யார் சொன்னது?"

"நீதான்!"

"ஐயோ, சத்தியமா இல்ல அக்கா. அன்னிக்கும் இதைத்தான் கேட்டேன். இடுப்புல ரெண்டு விரல் தளர்வா இருக்கு, பிடிச்சுத் தர முடியுமான்னு. நீங்க முகத்தைத் திருப்பிட்டுப் போயிட்டீங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். ரெண்டு விரல் என்றுதான் சொன்னாள். மாடிப்படி இறங்கும்போது அது எனக்குள் தொளதொள என்று ஆகியிருக்கிறது. மறுநாள் மெஷின் வரிசையில் சொல்லும்போது கோணிச்சாக்கு. மதியம் டீ நேரத்தில் கூடாரம். கணக்கில் மட்டுமா நான் கூட விட்டிருக்கிறேன்! எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் கூட்டிட்டேன்" என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு கூடாரம் அளவுக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான். அவள் என் நோட்டைத் திருத்திக்கொண்டிருக்க, நான் கோட்டைப் பிரித்து இடுப்பில் சரியாக ரெண்டு விரல் பிடித்துத் தைத்தேன்.

திங்கட்கிழமை பரீட்சை மேனேஜர் அறையில். நான் ஒருத்திதான். விடை எழுதுவேன், டக்கென்று மூடி போடுவேன். எழுதுவேன், டக். பத்தாவது டக்குக்கு மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "கை நடுங்குதாம்மா?" என்றார். "இல்ல சார், மை காஞ்சிடும்" என்றேன். புதுக் கேள்விகள் சிலது கழுத்தைப் பிடித்தன. இரண்டு ரயில் எதிரெதிரே வந்தன. அவை எங்கே சந்தித்தால் எனக்கென்ன?

கடைசிக் கேள்வி சட்டைக் கை. தைத்து முடித்தபின் நீளம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் மூன்று மடித்துத் தைக்க வேண்டும். வெட்ட வேண்டிய நீளம் என்ன? நாலு நாளாக விடாதே விடாதே என்று கேட்ட மூளை, நாற்பத்தெட்டு என்றது. பதினோரு வருஷமாகத் தைத்த கை, விடு என்றது. கேட்டதை மட்டும் கொடுங்க என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. கேள்வியை மறுபடி படித்தேன். இங்கே தையலுக்கு விடச் சொல்லித்தான் கேட்கிறார்கள்! நாற்பத்தெட்டு, ஒன்று, மூன்று. ஐம்பத்திரண்டு. பழக்கதோஷத்தில் பேனா ஒரு அரையைத் தேடி நகர்ந்தது. டக்.

வேலை முடியும் நேரத்தில் மேனேஜர் தாளைக் கொடுத்தார். இந்தத் தடவை மடித்திருந்தது. கூடவே கட்டிங் மேஜையில் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸ். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பதினாலு மெஷினும் மறுபடி நின்றன.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடி ஏறினேன். முதல் படியில் மார்க் பதினாலாகத்தான் இருந்தது. அஞ்சாவது படியில் பதினாறு என்று சொன்னால் என்ன என்று தோன்றியது. பாதி மாடி தாண்டுவதற்குள் பதினேழுக்கு வந்துவிட்டேன். அப்போது கதவு திறந்தது. ஓரகத்தி இப்போதுதான் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும், அந்தக் கோட்டைப் போட்டிருந்தாள். இடுப்பில் அளவெடுத்தாற்போல் இருந்தது.

"எவ்வளவு அக்கா?"

வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"பதினாலு."

"தேற எவ்வளவு வேணும்?"

"பதினாலு."

அவள் என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தாள். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு காதோடு கேட்டாள்.

"ஏன் அக்கா, இதுல ஒரு மார்க்காவது தையலுக்கு விட்டிருக்கக் கூடாதா?"