பூட்டுத் தனிமை

மயிலாப்பூர் பேராசிரியர் சுப்பராமன் ஓய்வு பெற்ற கையோடு ஒரு கருத்தாக்கத்தைப் பெற்றெடுத்தார். பெயர் 'பூட்டுத் தனிமை'. பிள்ளை வெளிநாட்டில், துணை மேலுலகில் என்று கதவைப் பூட்டிக்கொண்டு ஒற்றையாக வாழும் முதியவர்களின் நிலை அது. வீட்டில் இன்னொருவர் இருந்தால் அது தனிமையே அல்ல என்று வரையறையும் எழுதிவிட்டார். சமூகவியல் உலகம் தன்னை இதற்காகவே நினைவில் வைத்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

கட்டுரையை அனுப்பிய ஆய்விதழுக்குத்தான் சந்தேகம் வந்தது. "எங்கே பார்க்கலாம் என்று கருத்தாக்கம் காட்டட்டும். அங்கே என்ன தென்படவேண்டும் என்று அது கட்டளையிட வேண்டாம். களத்துக்குப் போய்விட்டு வாருங்கள், இது கடைசி வாய்ப்பு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பொடியன்களுக்கு என்ன தெரியும்! கறுவிக்கொண்டே போனார்.

திருவான்மியூர் தங்கபுஷ்பம் வரையறைக்கென்றே பிறந்தவர். மகன் டெக்சாஸில், கணவர் சுவரில் படமாக. சுப்பராமனுக்கு வாயெல்லாம் பல். ஆனால் கதவு பூட்டியிருக்கவில்லை, ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பெண்கள் பட்டாளம் கேரம் ஆடிக்கொண்டிருந்தது.

"தனிமையா? அதுக்கு எங்க சார் நேரம்?" என்றார் தங்கபுஷ்பம். "உங்க காலடியில ஒரு வெள்ளக் காய் கெடக்கு, எடுத்துக் குடுங்க."

குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஆட்டோவில் ஏறியதும் 'தன் தனிமையை உணராதவர்' என்று குறித்துக்கொண்டார். அடையாற்றில் தனியே வாழும் மாணிக்கவாசகம் வயலின் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் 'தனிமையை மறைப்பவர்' ஆனார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்கள்கூட நாலாவது காலைக் காட்டினால் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். நம் பேராசிரியர் அதை அடிக்குறிப்பில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே லேப்டாப். மனைவி விஜயலக்ஷ்மி காபியை வைத்துவிட்டு, தங்கைக்குக் கண் ஆபரேஷன் என்றாள்.

"உம்."

தெற்கு மாடவீதியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன் என்றாள்.

"உம்."

தன் புத்தகங்களின் முன்னுரையில் எல்லாம் 'குறுக்கிடாத துணைவி' என்று அவளுக்கு நன்றி சொன்னவர் அவர். அந்த வரியை மட்டும் அவள் ஒருநாளும் பாராட்டியதில்லை.

காபியில் ஆடை கட்டியது. அவள் இன்னும் நகரவில்லை.

"ஏன்னா, ஊரெல்லாம் போய்க் கேக்கறேளே, அந்தக் கேள்வியை என்னையும் ஒருதரம் கேக்கப்டாதா?"

அவர் திரும்பவில்லை. "உன்னையா? நீ வரையறைக்குள்ளயே வரமாட்டியே. ஒத்தையா இருக்கறவாளுக்குன்னா அது! உன்னோட ஆத்துல இன்னொருத்தர் இருக்காரோல்லியோ?"

"யாரு?" என்றாள் விஜயலக்ஷ்மி.

குரலில் கேலி இல்லை. பதில் வேண்டும் என்றுதான் நின்றாள்.

சுப்பராமன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கதோஷத்தில், "உம்" என்றார்.