ஆண்கள் கொட்டடியின் தரை

வயல் வேலை தேடி மூன்று ஊர் நடந்து வந்த கெசியாவும் அவள் கணவன் ஓபெத்தும், ஏப்ரல் மழைக்கு ஒதுங்கிய வைக்கோல் கொட்டகையிலேயே அயர்ந்து தூங்கிவிட்டார்கள். ஊர்க்காவலன் எழுப்பி நீதிபதி முன் நிறுத்தினான். வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவர்கள் என்று தீர்ப்பாயிற்று. வாயைத் திறக்காத ஓபெத்துக்கு, வேலையற்றவர்களை அடைத்துவைக்கும் திருத்த வீட்டில் நான்கு வாரம். “வேலை தேடித்தானே வந்தோம்” என்று கேட்டுவிட்ட கெசியாவுக்கு ஐந்து.

திருத்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே வேலை, மரச்சுத்தியால் சணலை அடித்து நார் எடுப்பது. நடுவில் செங்கல் சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். குதிரை உதைத்ததில் ஓபெத்தின் தோள் பழுது. அதனால் அவனுடைய அடி மட்டும் தாமதமாக விழும். அதைக் கேட்டுக்கொண்டே கெசியா நாட்களை ஓட்டினாள். மூன்றாவது வாரம் அது நின்றுபோனது.

ரொட்டி கொண்டுவந்த திர்சாவிடம் கெசியா கேட்டாள். திர்சா அந்தத் திருத்த வீட்டுக் காவலாளியின் மனைவி.

“என் புருஷனுக்கு என்ன ஆச்சும்மா? அவன் அடிக்கிற சத்தமே கேக்கல.”

“சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சிட்டியா? சளி ஜுரம். படுத்திருக்கான்.”

“ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்.”

“பொம்பளைங்க அந்தப் பக்கம் போகக் கூடாது. சட்டம் எழுதியே மாட்டியிருக்கு. எங்க வீட்டுக்காரர் வேலை போயிடும்டி.”

கெசியா தன் ரொட்டியைத் திருப்பி நீட்டினாள். “அப்ப இத அவனுக்குக் குடுத்துடுங்க.”

மறுநாள் காலை திர்சா வாளியும் துடைப்புத் துணியுமாக வந்து நின்றாள். “அந்தப் பக்கத் தரை நாறுது. துடைக்கப் போகக் கூடாதுன்னு எதுவும் எழுதல. எந்திரி.”

வாளிக்குள் துணிக்கு அடியில் ஒரு கிண்ணம் சூடான கஞ்சி இருந்தது.

ஆறு நாள் கெசியா ஒரே மூலையைத் துடைத்தாள். ஒரு கை தரையில், ஒரு கை ஓபெத்தின் நெற்றியில். நான்காம் நாள் காவலாளியே வாசலில் வந்து நின்றார்.

“அந்த மூலை இன்னுமா சுத்தமாகல?”

“கறை கெட்டியா இருக்குங்க.”

அவர் ஓபெத்தின் நெற்றியில் இருந்த அவள் கையைப் பார்த்தார். “அப்ப நல்லாத் தேய்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜுரம் இறங்கியதும் ஓபெத் முதலில் சொன்னது, “உன் வாயாலதான் உனக்கு ஒரு வாரம் கூட.”

“பேசாம கஞ்சியக் குடி” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நான்கு வாரம் முடிந்ததும் ஓபெத்தை வெளியே விட்டார்கள். அவன் போகவில்லை. எதிரே தேவாலயச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டான். ஊர்க்காவலன் மறுபடி பிடிக்க வந்தபோது திர்சா வாசலிலிருந்தே சத்தம் போட்டாள்.

“அவன் என் தோட்டத்து ஆளு. தொடாத.”

அதன்பின் அது பொய்யாக இருக்கக் கூடாதென்று அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து கெசியா வெளியே வந்தாள். ஓபெத் அவள் மூட்டையை வாங்கிக்கொண்டான்.

“கையெல்லாம் மண்ணு” என்றாள்.

“அவரை விதை போட்டேன். ரெண்டு வரிசை. நேத்து ஒண்ணு முளை விட்டிருக்கு.”

“எங்க, காட்டு.”

ஊரை விட்டுப் போகும் பாதையைப் பார்த்து நடக்க வேண்டியவர்கள், திருத்த வீட்டைச் சுற்றிக்கொண்டு திர்சாவின் தோட்டத்துக்குப் போனார்கள்.