வெஸ்லி தேர்ந்தெடுத்த பாட்டு

பாட்டுப் போடும் வேலையை வெஸ்லியிடம் கொடுத்தது நான்தான். அதற்காக என் அண்ணன், தம்பி இரண்டு பேருமே என்னை மன்னிக்கவில்லை.

1977-ஆம் வருடத்து ஜூலை நாலு. வியட்நாம் போருக்குக் கட்டாயமாக ஆளெடுத்தபோது கனடாவுக்கு ஓடிப்போனவர்களுக்கு அந்த ஜனவரியில்தான் அரசாங்கம் மன்னிப்புக் கொடுத்திருந்தது. எட்டு வருடம் கழித்து அயோவாவுக்குத் திரும்பிய தம்பி வெஸ்லி என் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தான். அண்ணன் டெல்பர்ட் பதின்மூன்று மாதம் வியட்நாமில் கிடந்து வந்தவன். சுதந்திர தின விருந்துக்கு இருவரும் என் கொல்லையில் நின்றால், இறைச்சி வேகும் நேரத்துக்குள் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

டெல்பர்ட் மனைவியோடு வரும்போதே கையில் ஒரு பெட்டி. அத்தனையும் ராணுவ பேண்டு வாத்திய இசைத்தட்டுகள். பின்கட்டு மேசையில் வெஸ்லி இசைத்தட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினான்.

"நாட்ட விட்டு ஓடினவனா இன்னிக்கு பாட்டு போடப்போறான்? வேற ஆளே கெடைக்கலையா உனக்கு?"

"டெல்பர்ட், நீ போய் அடுப்ப பாரு. ஆளுங்க வர்ற நேரம்," என்றேன்.

வெஸ்லி நிமிரவே இல்லை. "பேண்டு வேணும்னா போடு. மார்ச் பண்ணிக்கிட்டே சாப்பிடு. நான் குறுக்க வரல."

"நீ எதுக்குத்தான் குறுக்க வந்திருக்க? ஓடத்தானே தெரியும்."

பக்கத்து வீட்டு ஓடெல் தம்பதி உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்ததால் பேச்சு அங்கேயே நின்றது. அரை மணி நேரம் பேண்டு முழங்கியது. டெல்பர்ட் கரியடுப்பில் விலா இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு வெஸ்லி இசைத்தட்டை மாற்றினான். சண்டைக்காக அல்ல, யாரையும் உறுத்தாத ஒன்றைத் தேடித்தான் எடுத்தான். வீட்டுக்குப் போகும் ரயிலைப் பற்றி ஒரு பெண் பாடும் பழைய காதல் பாட்டு. திருமதி ஓடெல் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

டெல்பர்ட் இடுக்கியைக் கையில் பிடித்தபடியே மேசைக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"நிறுத்து அத."

"இதுல என்ன இருக்கு? காதல் பாட்டுதானே."

"அங்க தினமும் சாயங்காலம் இதைத்தான் போடுவோம். கூட கேட்டவனுங்க பாதிப் பேரு பொட்டியில பொணமாத்தான் வந்தானுங்க. இது எங்க பாட்டு. நீ தொடாதே."

வெஸ்லி அப்போதாவது ஊசியைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை.

"டொரான்டோவுல அடுப்புகூட இல்லாத ரூம்ல, அப்பா சாவுக்குக்கூட வர முடியாம, நான் கேட்டதும் இதேதான். உனக்கு மட்டும் யாரு எழுதிக் குடுத்தா?"

டெல்பர்ட் இசைத்தட்டை உருவினான். ஊசி கீறிய சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். முழங்காலில் வைத்து அதை இரண்டாக உடைத்துப் புல்லில் எறிந்தான்.

"உன்ன யாரு போகச் சொன்னா?" என்றான் வெஸ்லி. குரல் உயரவில்லை. "நான் போகாதேன்னு கெஞ்சினேன். நீயாத்தானே போன. செத்தவங்க கணக்க என் தலையில கட்டாத."

அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். ஓடெல்கூட நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். டெல்பர்ட் அடிக்கவில்லை. இடுக்கியை மேசைமேல் வைத்தான். கிளம்பலாம் என்று மனைவியைக் கூப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இவன் இருக்கிற வீட்டுல எனக்கு சோறு இறங்காது, வெர்னா."

"அப்ப போ!" என்று கத்தினேன். "ரெண்டு பேரும் போங்க! ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்களால வாய மூடிக்கிட்டு திங்க முடியாதா?"

அவன் வண்டி கிளம்பும்போது கரியடுப்பிலிருந்து புகை எழுந்தது. விலா இறைச்சி ஒருபக்கம் கருகிப்போயிருந்தது. கருகியதைச் சீவிவிட்டுப் பரிமாறினேன். பாட்டு வேண்டாமா என்று ஓடெல் கேட்டார். வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை வெஸ்லி பஸ் ஏறினான். நான் வழியனுப்பப் போகவில்லை. அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் டெல்பர்ட் என்னை நிறுத்தினான்.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"நல்லது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், வழக்கமாக நாங்கள் உட்காரும் வரிசையைத் தாண்டி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.