பாதி குனிந்தால் போதும்

வெளிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. வாய்க்கால் ஓரத்துப் பூவரசங்கிளையைப் பிடித்துத் தொங்கித்தான் இராஜாங்கம் எழுந்தான். தொடை இரண்டும் கல்லாகக் கிடந்தன. முப்பத்தாறு வயது உடம்பு. பன்னிரண்டு வயதிலிருந்து நாற்று சுமந்தது, வரப்பு வெட்டியது, மூட்டை தூக்கியது. அதிலெல்லாம் வலித்தது முதுகுதான். காலை அகட்டிப் பாதி உட்கார்ந்தபடி நூறு எண்ணும்வரை சும்மா நிற்பது இப்படி வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"நாப்பது நெருங்குற வயசுல கராத்தே," என்றாள் அவன் மனைவி மலர்க்கொடி, தொடையில் வெந்நீர்த் துணியை ஒற்றியபடி. "புள்ளைங்க சிரிக்கிறது நம்ம தெரு வரைக்கும் கேக்குது."

"சிரிக்கட்டும். ஏஜெண்ட் சொன்னத மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வராத இரண்டாவது வருஷம் அது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குறுவை போடவே இல்லை. சம்பாவும் பாதி கருகிவிட்டது. தஞ்சாவூர் ஏஜெண்ட் துபாய்க்கு ஆள் எடுத்தார். கராத்தேயில் மஞ்சள் பெல்ட் சர்டிபிகேட்டாவது இருந்தால் செக்யூரிட்டி வேலை, நாற்காலி போட்டு உட்காரலாம். இல்லாவிட்டால் கட்டட வேலை. இனி சிமெண்டு மூட்டையை இராஜாங்கத்தின் முதுகு தாங்காது. இது இரண்டு பேருக்கும் தெரியும்.

வகுப்பு ரைஸ்மில் களத்தில் நடந்தது. நெல் வராமல் மில் மூடிக் கிடந்தது. மாஸ்டர் ஜெரால்டுக்கு இருபத்தாறு வயது. மாதா கோயில் தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். இராஜாங்கத்தை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். கூப்பிட்டுக்கொண்டே குச்சியால் முட்டியில் தட்டுவான். மாணவர்களில் இருபது பேர் சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் இரண்டே பேர். ஒருவன் இராஜாங்கம். மற்றவன் ரெங்கசாமி, மில்லுக்கும் களத்துக்கும் சொந்தக்காரரின் மகன், வயது முப்பத்தொன்று. அந்த வீட்டு நிலத்தில் பாதி கைமாறிவிட்டது. ரெங்கசாமியும் அதே ஏஜெண்டிடம், அதே வேலைக்குத்தான் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தான்.

இராஜாங்கத்தின் அப்பா வீரையன் அந்த வீட்டுப் பண்ணையாள். இதே களத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, வாயைப் பொத்தி, குனிந்து நின்றுதான் கூலி நெல் வாங்கினார்.

பெரியவர்கள் இரண்டே பேர் என்பதால் எப்போதும் அவர்கள்தான் ஜோடி. ஜோடி சேர்ந்தால் முதலில் ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். மாஸ்டர் "ரெய்" என்பான். இருவரும் குனிய வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை ஓங்கலாம். முதல் நாள் வீட்டுக்குப் போனதும் இராஜாங்கம் இதைத்தான் சொன்னான்.

"அவரு எனக்கு வணக்கம் வைக்கிறாரு மலரு."

"யாரு, மில்லுக்காரரு மவனா?"

"ஆமா. குனிஞ்சு."

அவள் துணியைப் பிழியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். "உங்கப்பா இருந்து பாத்திருக்கணும்," என்றாள்.

இரண்டு மாதம் அந்த நினைப்பிலேயே ஓடியது. தொடை வலியோடு போனான், தொடை வலியோடு வந்தான்.

டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெரால்ட் அவன் முன்னால் வந்து நின்றான்.

"என்னண்ணே இது, மாடு தண்ணி குடிக்கிற மாதிரி? தரையில எதைத் தேடுறீங்க?" பிள்ளைகள் சிரித்தார்கள். "பாதி குனிஞ்சா போதும். கண்ணு எதிராளி மேலயே இருக்கணும். கீழ பாத்தா மண்டையில போட்டுருவான்."

அப்படிக் குனிகிறோம் என்பதே இராஜாங்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. இடுப்பு தானாக மடங்கியிருக்கிறது. பார்வை தானாகக் கால்விரலுக்குப் போயிருக்கிறது.

"மறுபடி. ரெய்."

பாதி குனிந்தான். கண்ணை இறக்கவில்லை. எதிரே ரெங்கசாமி நிமிர்ந்து நின்று பெல்ட் முடிச்சை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மறுபடி."

மறுபடியும் முடிச்சு.

அன்று ஐந்து முறை "ரெய்" சொன்னான் ஜெரால்ட். ஐந்து முறையும் ரெங்கசாமியின் பெல்ட் தளர்ந்தது. இரண்டு மாதமும் இதேதான் நடந்திருக்கிறது. தரையைப் பார்த்துக் குனிந்தவனுக்கு எதிரே நின்றவன் குனியாதது தெரியவில்லை.

வகுப்பு முடிந்து ஜெரால்ட் பைக்கை எடுக்கும்போது இராஜாங்கம் கேட்டான்.

"உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்ணே. களம் அவங்களோடது. இருபது புள்ளைங்கள நான் எங்க கொண்டுபோயி நிறுத்துறது?"

"அப்பறம் எதுக்குக் கண்ணத் தூக்கச் சொன்ன?"

"டெஸ்டுல கண்ணு கீழ போனா பெயிலு. அதுக்குத்தான்."

அன்றைக்கு மலர்க்கொடி கேட்டாள்: "இன்னிக்கும் வச்சாரா?"

"ம்," என்றான்.

டெஸ்டுக்குத் திருச்சியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தாளில் குறித்துக்கொண்டே "ரெய்" என்றார். இராஜாங்கம் பாதி குனிந்தான். ரெங்கசாமி பெல்ட்டைப் பிடித்தான். பெரியவர் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

குத்து மேலே படக் கூடாது, மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்த வேண்டும். மண்வெட்டி பிடித்த கைக்கு இறங்கத்தான் தெரியும், நிற்கத் தெரியாது. அதைப் பழக்கத்தான் ஜெரால்டுக்கு இரண்டு மாதம் ஆனது. இராஜாங்கத்தின் வலது கை போனது. உடைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மூக்குக்கு முன்னால் நின்றது.

ரெங்கசாமி கண்ணை இறுக்கி மூடிக் கழுத்தை உள்ளே இழுத்தான். முதுகு வளைந்தது. தலை இராஜாங்கத்தின் நெஞ்சு வரை தாழ்ந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

"நல்ல கண்ட்ரோல்," என்றார் பெரியவர். "போதும். ரெய்."

இராஜாங்கம் குனிந்தான். ரெங்கசாமியின் கை முடிச்சுக்குப் போனது.

"அடுத்த ஜோடி."

இராஜாங்கம் நகரவில்லை.

"என்னப்பா?"

"இவரு இன்னும் வணக்கம் வைக்கல சார்."

பிள்ளைகள் ரெங்கசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வச்சேன் சார்," என்றான் ரெங்கசாமி. "அவன் பாக்கல."

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

பெரியவர் ஜெரால்டைப் பார்த்தார். ஜெரால்ட் மில் கேட்டைப் பார்த்தான். பிறகு கிட்டே வந்து காதோரம் சொன்னான்: "அண்ணே, சர்டிபிகேட்டு வேணுமா வேணாமா? வெளிய வாங்க."

இராஜாங்கத்துக்குச் சிமெண்டு மூட்டை ஞாபகம் வந்தது. வெளியே வந்தான்.

இரண்டு பேரும் பாஸ். ஒரே கம்பெனி, ஒரே தேதி, தங்குவதும் ஒரே அறை என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார்.

"உங்க கைக்குப் பயந்து நெஞ்சு வரைக்கும் குனிஞ்சாராமே, புள்ளைங்க சொல்லுதுங்க," என்றாள் மலர்க்கொடி, பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே. "அதோட விட்டுருங்க."

"அடிக்குப் பயந்து குனிஞ்சத எப்படிச் சேத்துக்கிறது?"

"மொதல்லதான் தெனமும் வச்சாருல்ல?"

"ஒரு நாளும் வைக்கல மலரு. நான் தரையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அவள் கை நின்றது. அவன் மஞ்சள் பெல்ட்டைச் சுருட்டிச் சட்டைகளுக்கு அடியில் வைத்தான்.

"ரெங்கசாமி எனக்கு ஒரு வணக்கம் பாக்கி," என்றான்.