இதோ வர்றேன்

ராணுவ மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குள் எக்கார்ட் வோல்ராத் நுழைந்ததும், கட்டில்களில் கிடந்தவர்களில் எழ முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவனுக்காக அல்ல, அவன் கழுத்தில் தொங்கிய சிலுவைப் பதக்கத்துக்காக. இரண்டு கைகளிலும் கட்டுப்போட்டிருந்த ஒருவன் சல்யூட் வைக்க முடியாமல் முழங்கையை மட்டும் தூக்கிக் காட்டினான். எக்கார்ட் மேல்கோட்டின் உச்சிப் பொத்தானைப் போட்டுப் பார்த்தான். பதக்கம் மறையவில்லை. மறையக்கூடாது என்றுதானே அதைக் கழுத்தில் தொங்கவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் தபால் அதிகாரிக்குப் பிறந்தவன் அவன். இருபது வயதில் போர் விமானத்தில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் பறந்தான். அடுத்த கோடையில் ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். அங்கே எதிரி விமானங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. வீழ்த்திய ஒவ்வொன்றுக்கும் அவன் விமானத்தின் வாலில் ஒரு வெள்ளைக் கோடு ஏறியது. கோடு போடுகிற மெக்கானிக் போத்தோ, தூரிகையை வாயில் கவ்விக்கொண்டே கேட்பான்: "தொண்டை எப்படி சார் இருக்கு? வலி கொறஞ்சிருக்கா, வெந்நி வைக்கட்டுமா?" கழுத்துப் பதக்கத்துக்காக ஏங்கி அலைகிறவனுக்குத் தொண்டைவலி என்பது படையில் எல்லோருக்கும் தெரிந்த கிண்டல். எக்கார்ட்டும் சேர்ந்து சிரிப்பான். தனியாகப் படுத்திருக்கும்போது அவன் விரல்கள் தாமாகவே கழுத்துக் குழியைத் தடவிக்கொண்டிருக்கும்.

யோஸ்ட் பிரின்க்மன் இரண்டு வருஷமாக அவனுக்குப் பின்னால் பறந்தவன். முன்னால் போகிறவன் சுடுவான். பின்னால் வருகிறவன் அவன் முதுகைப் பார்த்துக்கொள்வான். அதனால் யோஸ்டின் விமான வாலில் கோடுகள் அதிகம் ஏறவில்லை. அதைப் பற்றி அவன் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. தரையிறங்கியதும் எக்கார்ட்டின் விமானத்தைச் சுற்றிவந்து ஓட்டை ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தன் தலைக்கவசத்தைக் கழற்றுவான்.

படையைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அழைத்த பிறகு, அக்டோபரில் ஒரு நண்பகலில் அது நடந்தது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வானம் கொள்ளாமல் வந்தன. ஒன்று மட்டும் அடிபட்டு, ஒரு எஞ்சின் புகைய, கூட்டத்தை விட்டுத் தாழ்ந்து தனியாகப் போய்க்கொண்டிருந்தது. எக்கார்ட் அதன் பின்னால் இறங்கினான். அப்போதுதான் ரேடியோ வழியே காதில் யோஸ்டின் குரல் கேட்டது.

"சார், என் பின்னால ரெண்டு பேரு... பத்திக்கிச்சு சார்! சார்!"

எக்கார்ட் திரும்பிப் பார்த்தான். இடது பக்கம், அதிகத் தூரமில்லை, யோஸ்டின் விமானம் தீயை இழுத்துக்கொண்டு போனது. ஒரு திருப்பம் திரும்பினால் போதும். முன்னால் அந்தப் பெரிய விமானம் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது.

"இதோ வர்றேன் யோஸ்ட்," என்றான். திரும்பவில்லை. "வர்றேன், வர்றேன்," என்று இன்னொரு முறை சொன்னபோது அவன் விரல் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த விமானத்திலிருந்து சில பாராசூட் குடைகள் விரிந்தன. வால் கூண்டில் உட்கார்ந்து கடைசிவரை அவனைச் சுட்டவன் மட்டும் வெளியே வரவில்லை. பீட்ரூட் வயலில் விழுந்து எரிந்த அந்த விமானம்தான் எக்கார்ட்டுக்குப் பதக்கத்தை வாங்கிக் கொடுத்தது.

இப்போது யோஸ்டின் கட்டிலருகே அவன் மனைவி கெசினெ உட்கார்ந்திருந்தாள். வயிறு மேடிட்டிருந்தது. எக்கார்ட்டைக் கண்டதும் எழுந்து அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா? இவரு வாயில வேற பேச்சே இல்ல. 'சார் எனக்காகத் திரும்பி வந்தாரு'ங்கறாரு. உங்க குரல் காதுல கேட்டதாலதான் தைரியமா குதிச்சாராம்." அவள் அழத் தொடங்கி, தன்னைத்தானே கடிந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள். "இருங்க, காப்பி கெடைக்குதான்னு பாக்கறேன். பார்லியத்தான் வறுத்துக் கலக்கறாங்க. ஆனா சூடா இருக்கும்."

அவள் போனதும் எக்கார்ட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். யோஸ்டின் தலை முழுக்கக் கட்டு. கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பேச நினைத்து வந்ததை ரயிலிலேயே பலமுறை ஒத்திகை பார்த்திருந்தான். கடைசியில் மூன்றே சொல்லாக வந்தது.

"யோஸ்ட், நான் திரும்பல."

"தெரியும்."

எக்கார்ட் அவனைப் பார்த்தான்.

"உன் விமானத்தோட வாலு அந்தப் பக்கம் போறதப் பாத்துட்டுதான் குதிச்சேன்," என்றான் யோஸ்ட். இரண்டு வருஷத்தில் அவன் எக்கார்ட்டை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் முறை.

"அப்புறம் ஏன் அவங்ககிட்ட..."

"வேற என்ன சொல்லச் சொல்ற? கட்டுப் பிரிச்சதுக்கப்புறம் இந்த மூஞ்சிய அவ ஆயுசு பூரா பாத்தாகணும். ஒரு துண்டுத் தகரத்துக்காகக் கைவிடப்பட்டவனோட மூஞ்சின்னு நெனச்சுப் பாக்கணுமா? எனக்காக ஒருத்தன் திரும்பினான்னு இருக்கட்டும். என்கிட்ட மிச்சம் இருக்கறது அதுதான். அதையும் கெடுத்துடாத." மூச்சு வாங்கியது. "உனக்கு மனசு லேசாகணும்னா பாதிரியார்கிட்ட போ. என்கிட்ட வராத."

கெசினெ கோப்பைகளோடு வந்தாள். "ரெண்டு பேரும் என்ன ரகசியம்?"

"சாருக்குத் தொண்டைவலி நல்லாயிடுச்சாம்," என்றான் யோஸ்ட். கட்டுக்குள்ளிருந்து சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"அடடா, சொல்லக் கூடாதா? அம்மா குடுத்தனுப்பின தேன் கொஞ்சம் இருக்கே," என்று அவள் பையைத் திறந்து, அவன் வேண்டாம் வேண்டாமென்று தடுக்கத் தடுக்க, ஒரு கரண்டி தேனை எடுத்து அவன் காப்பியில் கலக்கினாள். எக்கார்ட் அதைக் குடித்தான். கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரியில் ஆண் குழந்தை பிறந்தது. எக்கார்ட் என்று பெயர் வைக்கப்போவதாகவும், ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக அவனே வந்து நிற்க வேண்டுமென்றும் கெசினெ படைமுகாமுக்குப் போன் செய்தாள். விடுப்புக் கிடைக்காது என்று அவன் சொன்னான். உங்க கமாண்டர்கிட்ட நானே பேசட்டுமா என்று கேட்டாள். மறுநாள் கமாண்டரே கூப்பிட்டு, போய்விட்டு வா, ஊர் ஜனங்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார்.

ப்ரவுன்ஷ்வைக் நகரில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. குழந்தை ஒரு வேலைப்பாடு மிகுந்த தொட்டிலில் கிடந்தது. எக்கார்ட் அதன் செதுக்கலைத் தடவிப் பார்த்தான்.

"நல்லா இருக்குல்ல? மேல் மாடியில இருந்த யூதக் குடும்பத்தோடது," என்றாள் கெசினெ. "அவங்கள எங்கயோ கெழக்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. சாமானெல்லாம் ஏலத்துல வந்துச்சு. வேற யாராச்சும் எடுக்கறதுக்கு நாமளே எடுத்துக்கலாமேன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் ஏனோ பாதியில் நிறுத்திவிட்டு, போர்வையைச் சரிசெய்தாள். எக்கார்ட் செதுக்கலிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

கோயிலில் பாதிரியார் பெயர் கேட்டபோது ஞானத்தகப்பன்தான் சொல்ல வேண்டும். தன் பெயரை அந்தச் சின்ன முகத்துக்கு மேலே உச்சரிக்க அவனுக்கு நா எழவில்லை. பாதிரியார் இன்னொரு தடவை கேட்டார். எதிரே நின்ற யோஸ்ட், இமைமயிர் இல்லாத கண்களால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். எக்கார்ட் சொன்னான். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது.

விருந்துக்கு உட்கார்ந்து, உருளைக்கிழங்கு சாலட் பாத்திரம் ஒரு சுற்று வருவதற்குள் விமானத் தாக்குதலுக்கான அபாயச் சங்கு ஊதியது. எல்லோரும் பழகிய வேகத்தில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார்கள். குழந்தை எக்கார்ட்டின் கையில் இருந்தபடியே வந்துவிட்டது. கீழே பதக்கத்தைப் பார்த்ததும் ஜனங்கள் ஒதுங்கி, அங்கிருந்த ஒரே சாய்வு நாற்காலியை அவனுக்குத் தந்தார்கள். மூலையில் சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த சலவைக்காரி ட்ஸிப்ஃபெல் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, நீங்களே இங்க வந்து உக்காந்துட்டா, மேல யாருங்க இருக்கா?"

இரண்டொருவர் சிரித்தார்கள். கெசினெயின் முகம் சிவந்தது. "வாய மூடுங்க! எங்க வீட்டுக்காரரக் காப்பாத்தறதுக்காகத் தன் உயிரையே குடுக்கத் துணிஞ்சவரு இவரு. யாரப் பாத்து என்ன பேசறதுன்னு இல்ல?"

சிரிப்பு அடங்கியது. ட்ஸிப்ஃபெல் எழுந்து நின்று, "மன்னிச்சுக்கங்க ஐயா, தெரியாமப் பேசிட்டேன்," என்றாள். வாய் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்று எக்கார்ட் தலையை மட்டும் அசைத்தான். அவன் யோஸ்டைப் பார்க்கவில்லை. பார்க்காமலே யோஸ்ட் தன்னைப் பார்ப்பது தெரிந்தது.

முதல் குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. அடுத்தது பக்கத்தில். விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்ட, எக்கார்ட் குனிந்து தன் முதுகால் குழந்தையை மறைத்தான். தூள் அடங்கியபோது யோஸ்ட் அவன் முன்னால் வந்து நின்றிருந்தான். ஒட்டுப்போட்ட தோல் பளபளக்க, மடங்காத விரல்களோடு இரண்டு கைகளையும் நீட்டினான்.

"குடுங்க சார்," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி, மரியாதையாக.

எக்கார்ட் கொடுத்தான். யோஸ்ட் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிப் போனான். மேலே எஞ்சின்களின் இரைச்சல் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. நாற்காலியில் எக்கார்ட் அப்படியே இருந்தான். வெறுமையாகிவிட்ட அவன் கைகள், எதையோ ஏந்தியிருப்பதுபோல, மடங்கியபடியே நெடுநேரம் நின்றன. அவற்றின் மேல் வெள்ளையாகத் தூள் படிந்துகொண்டிருந்தது.