அறிவிப்பின் பத்தாவது வரி

யோபுவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஆனாலும் கப்பலில் அவர் பெயர் 'கேபின் பாய்'. நரைத்த பாய், மூக்குக்கண்ணாடி போட்ட பாய், மூத்த மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கும் பாய். வெள்ளைக்காரன் வைத்த பெயர். அவன் கப்பலை விட்டு இறங்கிப் போயும் பெயர் மட்டும் இறங்கவில்லை. யோபு அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வரும் அந்தப் பயணிகள் கப்பலில் இரண்டாம் வகுப்பின் பதினான்கு கேபின்கள் அவர் பொறுப்பு. பதினெட்டு வருஷமாக அந்தப் பதினான்கையும் அவர் தன் வீட்டு அறைகளாகத்தான் நினைத்து வந்தார்.

காலை ஆறு மணிக்குக் கதவில் இரண்டே தட்டு. மூன்றாவது தட்டு தட்டினால் அது மரியாதை இல்லை என்பது அவர் சட்டம். பீங்கான் கெட்டிலில் தேநீர், இரண்டு பிஸ்கட், ஒரு வாழைப்பழம். சாயங்காலம் படுக்கை விரிப்பின் ஓரத்தை மடித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டு வருவார். கடல் கொந்தளிக்கும் நாட்களில்தான் அவருடைய கைத்திறமை தெரியும். தலை தூக்க முடியாமல் கிடப்பவர்களுக்குச் சுக்குத் தட்டிப் போட்ட கஞ்சியும், ஊறுகாய் எலுமிச்சையில் ஒரு கீற்றும் கேபினுக்கே வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணிப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால், யோபு உட்கார்ந்திருக்கும் சின்ன அறையின் சுவரில் அந்தக் கேபினின் எண் டொக்கென்று விழும். எண் விழுந்த பிறகு யோபு உட்கார்ந்திருந்ததை யாரும் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு, அறுபத்து நான்கு, ஆடி மாதம் அவர் விடுப்பில் சிவகாசிக்கு வந்திருந்தார். மனைவி கனகமணி மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கனகமணியின் தம்பி ராஜசிங் ஊரிலேயே ஒரு அச்சகத்தில் புரூப் பார்த்துப் பிழை திருத்துபவன். ஊர் உலகத்தில் நடக்கப்போவதெல்லாம் முதலில் சிவகாசிக்குத்தான் தெரியும் என்று அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பம்பாயில் ஒரு கடை திறக்கப் போகிறது என்றால் அதன் காலண்டர் இங்கேதானே அச்சாக வேண்டும்!

ஒரு மத்தியானம் ராஜசிங் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அத்தான், உங்களுக்கு ஏத்த வேலை ஒண்ணு வந்திருக்கு. கப்பல் கம்பெனி ஆர்டரு. கேபின் கதவுக்குப் பின்னால ஒட்டுற அறிவிப்பாம். இங்கிலீசு மேல, தமிழு கீழ. தமிழு கரடுமுரடா இருக்கு, நீங்களே நல்லாப் பண்ணிப் போடுங்கன்னு கடுதாசியும் எழுதியிருக்காக. நான் கப்பலக் கண்டேனா, கடலக் கண்டேனா? ஒரு பார்வை பாத்துக் குடுங்க."

யோபுவுக்குப் பெருமையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஈரம் காயாத புரூப்பை மடியில் விரித்தார். எந்தக் கம்பெனி என்று கேட்கத் தோன்றவில்லை. தலைப்பில் இருந்த கொடியைப் பார்த்ததும் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அது அவருடைய கோட்டுப் பொத்தானில் இருக்கும் அதே கொடி.

வரும் செப்டம்பர் முதல் என்று ஆரம்பித்து ஒன்பது வரிகள். வகுப்புப் பிரிவு இனி இல்லை. காலைத் தேநீர் கேபினுக்கு வராது. எல்லா வேளை உணவும் சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும், குறித்த நேரத்தில், பயணிகளே தட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். படுக்கை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாற்றப்படும். காலணிகள் துடைத்துத் தரப்பட மாட்டா. எந்தக் காரணத்துக்காகவும் கேபினுக்கு உணவு கொண்டுவரப்பட மாட்டாது. அழைப்பு மணிகள் நிறுத்தப்படுகின்றன. ஒன்பதாவது வரி: கேபின் பணியாளர்கள் இருக்க மாட்டார்கள், ஒரு தளத்துக்குப் பொதுவாக ஒருவர் இருப்பார்.

ஒரு வார்த்தை சொல்லவில்லையே கம்பெனி! பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு, இனி உன் வேலை இல்லை என்ற சேதி மைத்துனனின் சைக்கிள் கேரியரில் வந்து சேர்ந்திருக்கிறது. வசதியானவர்கள் விமானத்தில் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்பதும், கப்பலில் பாதிக் கேபின் காலியாகப் போகிறது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தாலும் வலித்தது.

"என்ன அத்தான், தப்பு நிறைய இருக்கோ?" என்றான் ராஜசிங்.

"தப்பெல்லாம் பெருசா இல்ல மாப்ளே. சாயங்காலம் வந்து வாங்கிக்க."

அவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் திருத்தினார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது: தன் வேலைக்கு முடிவு எழுதிய தாளுக்கு மனுஷன் நல்ல தமிழ் எழுதிக் கொடுத்தார். 'மாட்டாது' என்று விறைப்பாக இருந்த இடங்களை 'இயலாது, பொறுத்தருள்க' என்று தணித்தார். மணிகள் நிறுத்தப்படுகின்றன என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. அச்சங்குளத்து ராமுத்தாய் நினைவுக்கு வந்தாள்.

ராமுத்தாயின் மகன் பினாங்கில் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவாள். நாகப்பட்டினம் தாண்டிய உடனே அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் பினாங்கு வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். யோபுதான் கரண்டி கரண்டியாகக் கஞ்சி கொடுப்பார். அவர் சிவகாசிக்காரர் என்று தெரிந்த நாளிலிருந்து வேறு யார் கொண்டுபோனாலும் அவள் வாய் திறப்பதில்லை.

யோபு அந்த மணி வரியை அடித்தார். அதோடு நின்றிருக்கலாம். ஒன்பதாவது வரிக்குக் கீழே, தன் சொந்தக் கையால், பத்தாவதாக ஒன்றை எழுதினார்: 'உடல்நலம் குன்றியோர் கட்டிலருகே உள்ள மணியை அழுத்தினால் ஆள் வருவார்.' அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புரூப்பில் 'சரி' என்று கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதிலும் கப்பல்காரரே கையெழுத்துப் போட்டிருக்கும்போது, ஆங்கிலத்தில் எத்தனை வரி, தமிழில் எத்தனை வரி என்று ராஜசிங் எண்ணிப் பார்ப்பானா? தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் கனகமணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். யோபு எல்லாவற்றையும் சொன்னார். பத்தாவது வரியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு குறும்பு இருந்தது. அச்சாகி வந்துவிட்டால் கம்பெனி என்ன செய்துவிடும், மணிக்கு ஆள் போட்டுத்தானே ஆகவேண்டும், பழைய ஆளைத்தானே கூப்பிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

"மணிய அமுத்துனா யாருங்க வருவா?" என்றாள் கனகமணி.

"ஆள் வரும்."

"எந்த ஆளு? ஒரு தளத்துக்கே ஒருத்தர்னு நீங்கதான சொன்னீக. மணியவே நிறுத்தப் போறாகன்னும் சொன்னீக."

யோபு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"எங்க வார்டுல மணி கெடையாது. இல்லைன்னு அவுகளுக்குத் தெரியும். அதனால தம்ளரத் தட்டுவாக, பக்கத்துக் கட்டில எழுப்புவாக, சத்தம் போடுவாக. எப்படியும் நம்ம காதுல விழுந்திரும். மணி இருக்குன்னு சொல்லிவச்சா, அமுத்திட்டு நம்பிக் கெடப்பாக. கத்தக்கூட மாட்டாக. வராத ஆள வருவாகன்னு எழுதுறது பாவம்ங்க." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "உங்க வேலை போறது எனக்கு வருத்தம் இல்லைன்னு நெனைக்காதீக."

யோபுவுக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். மறுநாள் காலையில் முதல் வேலையாக அச்சக வாசலில் போய் நின்றார். உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. ஐந்நூறு தாள் அச்சாகி அடுக்கில் இருந்தது.

"மாப்ளே, நிறுத்தச் சொல்லு. கடைசி வரிய எடுக்கணும். மணிய நிறுத்துறோம்னு இருந்த வரிய மறுபடி சேக்கணும்."

"நீங்கதான அத்தான் போட்டீக?"

"நாந்தான் போட்டேன். அது பொய்."

அக்காள் வீட்டுக்காரரிடம் அதற்கு மேல் கேட்பது அழகல்ல என்று ராஜசிங் நினைத்தானோ என்னவோ, மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கோத்த ஈய எழுத்தைத் திருத்தப் போனான். எல்லா ஆர்டரிலும் கழிவு உண்டு, இதுவும் ஒரு கழிவு என்று ஃபோர்மேனிடம் சொல்லிக்கொண்டான். அந்த ஐந்நூறு தாளும் மூலையில் இருந்த கழிவுக் குவியலில் போய்ச் சேர்ந்தது. நாரணாபுரத்து மாரித்தாய் வாரம் ஒருமுறை வந்து அந்தக் குவியலை வாங்கிப் போவாள். அவள் வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவார்கள். சிவகாசியில் எந்தக் காகிதமும் வீணாவதில்லை. தப்பாக அச்சானது வெடித்துத் தீரும்.

செப்டம்பரில் யோபு கப்பலேறினார். கம்பெனி அவரை வேண்டாமென்று சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில், ஐந்து குழி வைத்த எவர்சில்வர் தட்டுகளில் சோறு போடும் வேலை கொடுத்தது. ஒரு குழியில் சோறு, ஒன்றில் சாம்பார், ஒன்றில் பொரியல். நீட்டுகிற தட்டில் போட வேண்டியது, அடுத்த தட்டைப் பார்க்க வேண்டியது. முகத்தைப் பார்க்க நேரம் கிடையாது. நியாயமாகச் சொன்னால், முன்பு மலிவுச் சீட்டில் கீழ்த்தளத்தில் கிடந்தவர்களுக்கு இந்தச் சாப்பாடு பழையதைவிடத் தேவலை. யோபுவே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் எழுந்து வந்து தட்டு நீட்ட முடிந்தவர்களுக்கு மட்டும்தான் அது.

முதல் நடை அப்படியே கழிந்தது. இரண்டாவது நடையில், நாகப்பட்டினத்தில் ஏறிய கூட்டத்தில் ராமுத்தாயைத் தூரத்தில் பார்த்தார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவள் தட்டு வரவில்லை. ஒரு வேளை, இரண்டு வேளை, மூன்று வேளை. நான்காவது வேளையில் யோபு கரண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போனார்.

கேபின் கதவுக்குப் பின்னால் அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. பொய் எதுவும் இல்லாத அறிவிப்பு. ராமுத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. கட்டிலில் சுருண்டு கிடந்தாள், உதடு வெடித்திருந்தது. ஒரு கை மட்டும் சுவரோரத்தில் இருந்தது. விரல் மணிப் பொத்தான் மேல்.

"வந்திட்டியாய்யா," என்றாள். "நேத்துலருந்து இத அமுத்திக்கிட்டேதான் கெடக்கேன். நீ வரவேயில்லையே."

யோபு அவள் விரலைப் பொத்தானிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். தாழ்வாரக் கோடியில் இருந்த தன் பழைய அறைக்குப் போய்ப் பார்த்தார். எண் பலகை சுவரிலேயே இருந்தது. அடியில் கம்பிகளை வெட்டி, நுனிகளுக்கு ஒழுங்காகத் துணி சுற்றியிருந்தார்கள். அங்கே நின்று சத்தமில்லாமல் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சமையல்கட்டில் சண்டை போட்டுக் கொஞ்சம் அரிசி வாங்கி, சுக்குத் தட்டிப் போட்டுக் கஞ்சி வைத்துக் கொண்டுபோனார்.

பினாங்கு வரைக்கும் தினமும் மூன்று வேளை கொண்டுபோனார். சாப்பாட்டுக் கூடத்து அதிகாரி கூப்பிட்டு, விதி தெரியாதா என்று கேட்டார். தெரியும் ஐயா, அதன் தமிழ் நான் எழுதியதுதான் என்றார் யோபு. அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கப்பல் மதராஸ் திரும்பியதும் யோபு தன் கோட்டை மடித்து, கொடிப் பொத்தான்கள் மேலே தெரியும்படி வைத்துக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

டிசம்பர் தொடக்கத்தில் மிஷன் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் ஆள் தேவைப்பட்டது. கனகமணி வாய் திறந்து கேட்கவில்லை. அவரே போய்க் கேட்டார். கஞ்சி, ரொட்டி, பால் என்று கட்டில் கட்டிலாகக் கொண்டுபோகிற வேலை. வார்டுக் கதவில் இரண்டே தட்டு தட்டிவிட்டுத்தான் நுழைவார். நர்ஸுகள் சிரித்தார்கள்.

கிறிஸ்துமஸ் காலையில், ஆராதனை முடிந்து வந்த பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே சரம் சரமாகக் கொளுத்தித் தீர்த்திருந்தார்கள். தெருவெல்லாம் காகிதக் குப்பை. கூட்டுகிறவர் வரவில்லை என்பதால் யோபுவே விளக்குமாற்றை எடுத்தார். சிவப்புக் காகிதத்துக்கு நடுவே வெள்ளைத் துணுக்கு ஒன்று கருகிக் கிடந்தது. குனிந்து எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அதில் கொடியின் பாதி. பக்கத்தில் கிடந்த இன்னொரு துணுக்கில், ஓரம் எரிந்துபோய், 'அழுத்தினால் ஆள் வருவார்' என்று மட்டும் மிஞ்சியிருந்தது.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பெண்கள் வார்டில் யாரோ தம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டினார்கள். கனகமணி வேறு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. யோபு துணுக்கைச் சட்டைப் பைக்குள் போட்டார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"இந்தா வந்துட்டேம்மா," என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே போனார்.